படத்தில் இருப்பது வானத்தில் இருந்ததா?

2019 டிசம்பர் 26 அன்று காலை ஒன்பதரை மணியளவில் புதுக்கோட்டையின் மேல் சூரியன் ஒரு வளையமாக நின்றது. கோவை, திண்டுக்கல் பக்கமிருந்து வந்த கங்கண கிரகணத்தின் பாதை இம்மாவட்டத்தைக் கடந்து யாழ்ப்பாணம் நோக்கிச் சென்றது. அன்று வீடுகளில் தாம்பாளத் தண்ணீரில் உலக்கையை நிறுத்திப் பரவசப்பட்டவர்கள் ஒருபுறம் இருக்கட்டும் (தட்டையான அடியுள்ள உலக்கை எல்லா நாளும் நிற்கும்). கைப்பேசியைச் சூரியனுக்கு நேராக நீட்டியவர்களைப் பற்றித்தான் நமக்குப் பேச்சு. அத்தகைய படங்களில் சூரியன் வெறும் வெள்ளைத் திட்டாகப் பரந்து கிடக்கும். சற்றுத் தள்ளி, யாரும் கண்ணால் காணாத சிறு பிறை ஒன்று தனியே மிதக்கும்.

அப்பிறை வானத்தில் இல்லை. கருவியின் வில்லைகளுக்குள் ஒளி எதிரொளித்து உண்டாக்கிய பிம்பம் அது. சூரியனிலிருந்து படத்தின் மையப்புள்ளி வழியாக ஒரு கோடு இழுத்துப் பாருங்கள்; பெரும்பாலும் மறுபுறத்தில் ஏறக்குறைய அதே தொலைவில் அது அமர்ந்திருக்கும். கைப்பேசியை இலேசாகத் திருப்பினால் அதுவும் சட்டத்துக்குள் ஓடும். கிரகணத்தன்று பிறையாகத் தோன்றுவது மற்ற நாட்களில் ஒளிப்புள்ளியாகத் தோன்றும். இரவில் சூரியனின் வேலையைத் தெருவிளக்கு செய்கிறது. இவ்வளவு எளிய சோதனையைக்கூடச் செய்யாமல்தான் 'வானில் மர்மப் பொருள்' என்று படங்கள் அச்சேறுகின்றன. ஐயப்படுகிறவனிடம், 'படமே இருக்கிறதே, இன்னும் என்ன வேண்டும்?' என்று கேட்கிறார்கள். படம் இருப்பதுதான் இங்கே சிக்கல். கண்ணால் கண்டவன் தான் கண்டதைச் சொல்லியாக வேண்டும். குறுக்குக் கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். படத்தை நீட்டுகிறவனோ அந்தப் பொறுப்பைக் கருவியின் தலையில் கட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறான்.

இலக்கிய வாசகர்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. 'பறக்கும் தட்டு' என்ற சொல்லே ஓர் உவமைப் பிழையில் பிறந்தது. 1947 ஜூன் 24 அன்று அமெரிக்காவின் ரெய்னியர் மலையருகே விமானம் ஓட்டிக்கொண்டிருந்த கென்னத் ஆர்னால்ட், ஒன்பது பொருள்கள் விரைந்து செல்லக் கண்டதாகச் சொன்னார். நீர்ப்பரப்பில் வீசிய தட்டு எப்படித் தத்தித் தத்திப் போகுமோ அப்படி அவை போயின என்பதே தாம் சொன்னது என்று 1950இல் அவர் விளக்கினார். அவர் பேசியது இயக்கத்தை. செய்தித்தாள்கள் எடுத்துக்கொண்டது வடிவத்தை. நம் இலக்கண மரபில் சொன்னால், வினையுவமத்தை மெய்யுவமமாக வாசித்துவிட்டார்கள். அதன்பின் உலகெங்கும் படங்களில் தட்டு வடிவப் பொருள்களே விழத் தொடங்கின. வேற்றுலகத்தார் தம் ஊர்திகளை ஒரு நிருபரின் சொல்லுக்கு ஏற்பத் திருத்திக்கொண்டார்கள் என்று நம்புவதற்கு நமக்கு மனம் வரவில்லை.

இதற்கு எதிரே புறநானூற்றின் 229ஆம் பாட்டை வைத்துப் பார்க்கலாம். கூடலூர் கிழார் ஒரு விண்மீன் வீழக் கண்டு, ஏழாம் நாள் சேரன் மாந்தரஞ்சேரல் இரும்பொறை இறந்ததைப் பாடியது அது. எரிமீனுக்கும் அரசன் சாவுக்கும் அவர் போட்ட முடிச்சை நாம் ஏற்க வேண்டியதில்லை. ஆனால் அவர் விட்டுச் சென்றிருக்கும் குறிப்புகளைப் பாருங்கள்: பங்குனி மாதம், நள்ளிருள், எந்த நாள்மீன் உச்சியிலிருந்து சாய்ந்தது, எது எதிரே எழுந்தது, வீழ்ந்த மீன் எத்திசைகளை நோக்கிச் செல்லவில்லை என்பது வரை பாட்டிலேயே இருக்கிறது. கருவி ஏதுமற்ற புலவரின் சாட்சியம் இது. கையில் பல மெகாபிக்சல்களை வைத்திருப்பவரிடம் நாம் கேட்பதும் இதைத்தான்: என்ன நேரம், எந்த இடம், எந்தத் திசை, எவ்வளவு உயரம்? பதிலாக வருவது பெரிதாக்கிப் பெரிதாக்கிச் சிதைந்த மங்கல் படம் ஒன்றுதான்.

2023 ஜூலை இறுதியில், முட்டுக்காடு கடற்கரையில் எடுக்கப்பட்ட படங்களில் ஒளிப்பொருள்கள் தெரிவதாகச் செய்தி வந்தது. எடுத்தவர் ஓய்வுபெற்ற காவல்துறைத் தலைமை இயக்குநர் என்பதால் அதற்குத் தனி மரியாதை கிடைத்தது. அவருடைய நேர்மையை நாம் ஐயுறவில்லை. நேர்மைக்கும் வில்லைக்கும் என்ன தொடர்பு என்றுதான் கேட்கிறோம். பதவி சான்றாகிவிடாது என்பதற்கு லடாக் எல்லையே போதும். 2012 ஆகஸ்ட் முதல் 2013 பிப்ரவரி வரை அங்கே காவலிருந்த வீரர்கள் மர்ம ஒளிப்பொருள்களை 329 முறை பதிவு செய்தார்கள். சீனத்து உளவு விமானங்கள் என்று ஐயுற்றார்கள். இந்திய வான்இயற்பியல் மையத்தினர் ஆராய்ந்தபோது அவை வியாழனும் வெள்ளியும் என்று தெரிந்தது. பயிற்சி பெற்ற கண்கள்தாம், பொய் சொல்ல எக்காரணமும் இல்லாதவர்கள்தாம். இருப்பினும் ராணுவத்தினர் ஒரு காரியத்தைச் சரியாகச் செய்தார்கள்: கண்டதைக் குறித்துவைத்தார்கள். குறிப்பு இருந்ததால்தான் கோளை அடையாளம் காண முடிந்தது.

இப்படி எழுதினால் கற்பனை வறண்டவர்கள் என்று நம்மைச் சொல்வார்கள். வியப்பைக் கொல்கிறோம் என்பார்கள். நள்ளிரவில் நாள்மீன்களைக் கணக்கிட்டுக்கொண்டிருந்த கூடலூர் கிழார் வியப்பற்றவரா? 1963 நவம்பர் 21 மாலை தும்பாவிலிருந்து ஏவப்பட்ட ராக்கெட் கக்கிய சோடியம் மேகத்தைத் தென்கோடி மக்கள் அண்ணாந்து பார்த்தார்கள். அது என்ன என்று தெரிந்ததால் அந்தி வானின் அழகு குறைந்துவிடவில்லை.

புதுக்கோட்டைக்காரர்களிடம் இதை உரிமையோடு சொல்ல ஒரு காரணம் உண்டு. 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் வேரோடிய மாவட்டம் இது. கல் உடைத்த பெண்கள் எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக்கொண்டு ஊரைக் கடந்து போனார்கள். சொன்னதை அப்படியே நம்பியிருந்த தலைமுறை, 'ஏன்?' என்று கேட்கப் பழகிய காலம் அது. அவர்களுடைய பேரப்பிள்ளைகளின் கைப்பேசிக்கு நாளும் வருகிற முன்அனுப்பல்களில் அந்தக் கேள்வி காணாமல் போயிருப்பதுதான் நம் வருத்தம்.

2019 முதல் விண்ணில் ஏற்றப்படும் ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள் ஏவிய சில நாட்களுக்கு ஒளிமணி கோத்த சரம்போல் வரிசையாக நகர்கின்றன. 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்ட குலசேகரன்பட்டினம் ஏவுதளத்திலிருந்து ராக்கெட்டுகள் கிளம்பும் காலத்தில், அந்திகளில் தென்திசை வானம் இன்னும் பல காட்சிகளைக் காட்டும். தாராளமாகப் படம் எடுங்கள். சட்டத்துக்குள் ஒரு பனையோ கோபுரமோ கண்மாய்க் கரையோ விழட்டும். எந்தப் பக்கம் பார்த்து நின்றீர்கள் என்பதையும் மணியையும் குறித்துக்கொண்டு, மூலக்கோப்பை அழிக்காமல் வைத்திருங்கள்.