தோளின் முறையீடு



காவலர் தேர்வுக்கு ஆயத்தம் செய்யும் இளைஞர் ஒருவர் இரு மாதங்களுக்கு முன் என்னைக் காண வந்தார். உடல்திறன் தேர்வில் கயிறு ஏறுதலும் உண்டல்லவா? அதற்காக நாள் தவறாமல் 200 தண்டால். பின்னர், கம்பியில் தொங்கி எழும் பயிற்சி. சில வாரங்களிலேயே புயம் திரண்டது. ஆனால் சட்டை மாட்டக் கையைத் தூக்கினால் தோளில் சுரீரென்று வலி. அப்பக்கமாகப் படுத்தால் உறக்கமில்லை. “சோம்பலுக்கு இது ஒரு சாக்கு என்று அப்பா ஏசுகிறார், சாமி. அதனால் வலியோடேயே செய்கிறேன்” என்றார்.

தந்தையும் மகனும் அறியாத செய்தி ஒன்று உண்டு. நம் உடலில் மிகுதியாகச் சுழலும் மூட்டு தோள்மூட்டே. மேற்கை எலும்பின் பெரிய உருண்டைத் தலை ஆழமற்ற சிறு குழியில் பொருந்தியுள்ளது. சுழலும்போது அதை நிலைபெயராமல் காப்பதில் நான்கு சிறு தசைகளுக்கும் அவற்றின் நாண்களுக்கும் பெரும் பங்குண்டு. தசை சில வாரங்களில் வலுப்பெறும். தசைநாண் உறுதிப்படவோ பல மாதங்கள் வேண்டும். கண்ணாடியில் புயத்தைக் கண்டு எண்ணிக்கையைக் கூட்டுகிறோம். கண்ணுக்குத் தெரியாத நாண் பளு தாங்காமல் நோகிறது.

செய்யத்தக்கது யாது? கையை அடியோடு அசைக்காமல் வைத்திருப்பது தவறு, தோள் இறுகிப்போகும். வலியை எழுப்பும் பயிற்சியை மட்டும் சில வாரம் நிறுத்துக. தரையில் எடுத்த தண்டாலைச் சுவரில் கை ஊன்றி எடுக்கலாம். இலேசான வலி மறுநாள் காலைக்குள் அடங்கினால் அஞ்ச வேண்டா. மிகுந்தால் அளவைக் குறைத்திடுக. இயன்முறை மருத்துவர் கற்பிக்கும் பயிற்சிகளை 12 வாரமேனும் பொறுமையுடன் செய்க. குணமான பின்னரும் ஒருநாள் விட்டு ஒருநாள் பயிற்சி செய்தல் நலம். வலிமாத்திரையை விழுங்கிவிட்டுத் தண்டால் எடுப்பதோ, அபாய மணியின் நாவைக் கட்டிவைப்பதற்கு ஒப்பாகும்.

விழுந்தபின் கையைத் தூக்கவே இயலாவிடினும், கை மரத்துப்போயினும், மூட்டு வீங்கிக் காய்ச்சல் கண்டாலும் உடனே மருத்துவரிடம் செல்க. தோள்வலியோடு நெஞ்சு இறுக்கமும் வியர்வையும் மூச்சுத்திணறலும் தோன்றினால், பயிற்சியால் வந்த வலி என்றெண்ணி ஒரு நொடியும் தாமதிக்கலாகாது. மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும்.

பெற்றோரே, உழைக்கும் பிள்ளை “வலிக்கிறது” என்றால் அதனைச் சோம்பல் என்று தள்ளிவிடாதீர்கள். ஏச்சுக்கு அஞ்சி வலியை மறைக்கும் பிள்ளை, சில வாரங்களில் தீரக்கூடிய நோவை ஆண்டுக்கணக்கில் சுமக்க நேரிடும். எண்ணி உழைத்த தேர்வையும் இழக்க நேரிடும்.

அவ்விளைஞரை மருத்துவரிடம் அனுப்பினேன். தந்தையையும் உடன் செல்லச் சொன்னேன். இப்போது அவர் வீட்டுச் சுவரில் கை ஊன்றித் தண்டால் எடுக்கிறார். அருகில் நின்று எண்ணுபவர் தந்தை. இருபது ஆனதும், “போதும், நிறுத்து” என்று சொல்பவரும் அவரே.