முற்றிய ஆடும் முழு இரவுத் தணலும்



ஒரு நாட்டு மக்களை அறிய விரும்புவோர் அவர்களுடைய அரசியற் சட்டத்தைப் புரட்டுமுன், அவர்களுடைய விழா நாள் உணவை ஒருமுறை பார்த்துவிடுவது நலம். அமெரிக்க ஐக்கிய நாட்டின் கோடைகாலம் மே மாதக் கடைசித் திங்கட்கிழமை, போரில் மாண்டோர் நினைவு நாளோடு தொடங்குகிறது. செப்டம்பர் முதல் திங்கட்கிழமை, தொழிலாளர் நாளோடு முடிகிறது. இரண்டிற்கும் நடுவே ஜூலை 4, அந்நாட்டார் 1776இல் விடுதலையை அறிவித்த நாள். இந்நாட்களில், ஆண்டு முழுவதும் அடுக்களைப் பக்கம் எட்டிப் பார்க்காத ஆடவர்கூட முற்றத்தில் நெருப்பு மூட்டி, கையில் இடுக்கியோடு நிற்பர். பிள்ளைகள் அந்நாட்டில் வாழும் இல்லங்கள் நம் பங்குகளில் இன்று பல உள. அவர்கள் அனுப்பும் படங்களில் மூடியிட்ட கரியடுப்பையும் எழும் புகையையும் கண்டு, “இது என்ன சமையல்?” என்று வினவுவோர்க்காக இம்மாதப் பகுதி.

இச்சமையலில் இரு வழிகள் உள்ளன. ஒன்று வாட்டுதல்: தணலுக்கு நேர்மேலே கம்பித் தட்டில் இறைச்சியை வைத்துச் சில நிமிடங்களில் எடுத்துவிடுவது. கொத்துக்கறி வில்லைகள், குடலில் அடைத்த கறியுருண்டைகள், கோழித்துண்டுகள், தோகையோடு சுடும் சோளக்கதிர் எல்லாம் இவ்வகை. மற்றொன்று புகையில் வேகவைத்தல்: இறைச்சி ஒருபுறமும் நெருப்பு மறுபுறமும் இருக்க, மூடியிட்ட அடுப்பினுள் 110 முதல் 120 பாகை செல்சியசு வரையிலான இளஞ்சூட்டில், மரப்புகை தழுவப் பல மணி நேரம் விட்டுவிடுவது. முன்னது அவசரத்திற்கு, பின்னதே விழாவிற்கு. ‘பார்பிக்யூ’ என்னும் சொல்லைத் தென் மாநிலத்தார் பின்னதற்கு மட்டுமே வழங்குவர். கறிவில்லை வாட்டுவதை அப்பெயரால் அழைத்தால் அவர்கள் முகம் சுளிப்பர். அச்சொல்லே கரீபியத் தீவுகளின் பழங்குடியினரான தாயினோ மக்களிடமிருந்து ஸ்பானியர் வழியே வந்தது. கழிகளால் கட்டிய பரண் என்பது அதன் பொருள். அப்பரண்மேல் மீனையும் இறைச்சியையும் பரப்பிக் கீழே நெருப்பிடுவது அம்மக்கள் வழக்கம்.

மாநிலத்திற்கு மாநிலம் வழக்கம் வேறுபடும். வட கரோலினாவின் கிழக்குப் பகுதியில் முழுப் பன்றியைச் சுட்டு, காடியும் மிளகாயும் கலந்த நீரைத் தெளித்து உண்பர். தென் கரோலினாவின் சில பகுதிகளில் கடுகுச் சாந்து. டெக்சாசின் நடுப்பகுதியில் ஜெர்மானியரும் செக் நாட்டவருமான கசாப்புக் கடைக்காரர் வகுத்த வழியில் மாட்டின் நெஞ்சுக்கறி. மெம்பிசு நகரில் பன்றி விலாவெலும்பு. வடமேற்குக் கடற்கரைப் பழங்குடியினர் சால்மன் மீனைப் பிளந்து, கேதுருச் சட்டங்களில் விரித்துக் கட்டி, நெருப்பின் அருகே நட்டுவைத்துச் சுடுவர். வடகிழக்கில் ஜூலை 4ஆம் நாளுக்குச் சால்மனும் பச்சைப் பட்டாணியும் உண்பது பழைய மரபு. ஆனால் அது வேகவைத்த மீன். 1966இல் அமெரிக்க ஆயர்கள் வெள்ளிக்கிழமை ஒறுத்தல் விதியைத் தளர்த்துமுன், விடுதலை நாள் வெள்ளியன்று வந்தால், ஆயர் விலக்கு அளித்தாலன்றிக் கத்தோலிக்க இல்லங்களில் இறைச்சிக்கு இடமில்லை. அன்று மீன்காரருக்கே கொண்டாட்டம்.

நிற்க. இவை யாவற்றையும்விட நம் வாசகர் அறிய வேண்டியது கென்டக்கி மாநிலத்தின் மேற்குப் பகுதி என்பது என் எண்ணம். ஒஹையோ ஆற்றங்கரையில் ஓவன்சுபரோ என்னும் நகர் உள்ளது. 1937இல் அது தனி மறைமாவட்டத்தின் தலைமையிடமாயிற்று. ஏறத்தாழ அந்நாடெங்கும் பன்றியும் மாடும் அடுப்பேற, இங்கு மட்டும் செம்மறியாடு. அதுவும் இளங்குட்டியன்று, முற்றிய ஆடு. இதற்குச் சொல்லப்படும் காரணம் சுவையானது. 1816ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டம் அயல்நாட்டுக் கம்பளித் துணிக்கு வரி விதித்தது. உள்நாட்டுக் கம்பளிக்கு விலை ஏறியது. உழவர் ஆடு வளர்த்தனர். பல ஆண்டுகள் உரோமம் தந்து கிழடான ஆட்டை என்ன செய்வது? அதன் இறைச்சி தோல்போல் கடினம், கவிச்சும் மிகுதி. ஹிக்கரி மரத்தின் தணலில் இரவு முழுவதும் வைத்துக் காடி நீரால் நனைத்து நனைத்து வேகவைத்தாலொழிய அது பல்லுக்குப் பணியாது. ஏழ்மை கண்டுபிடித்த இம்முறையை இன்று செல்வரும் வரிசையில் நின்று வாங்கி உண்கின்றனர்.

அப்பகுதிக் கத்தோலிக்கர் பெரும்பாலும் மேரிலாந்திலிருந்து 1785 முதல் மலைகளைக் கடந்து வந்து குடியேறிய குடும்பங்களின் வழித்தோன்றல்கள். அவர்களுடைய பங்குகள் கோடைதோறும் பங்கு விருந்து நடத்துகின்றன. கோயிலுக்கும் பள்ளிக்கும் வேண்டிய பொருள் அதனால் திரட்டப்படுகிறது. (பொருள் முடை இல்லாத பங்குத்தந்தையை நான் எந்நாட்டிலும் கேள்விப்பட்டதில்லை.) முந்திய இரவே பங்கின் ஆடவர் கூடுவர். செங்கற்களை அடுக்கி இடுப்பளவு உயரத்தில் நீண்ட அடுப்புக் கட்டி, மேலே கம்பித் தட்டுகளைப் பரப்பி, ஆட்டின் கால்பாகங்களை வரிசையாய் அடுக்குவர். ஒருவர் விறகைத் தனியே எரித்துக் கங்கு ஆக்குவார். ஒருவர் அதைச் சட்டுவத்தால் அள்ளித் தட்டின்கீழ்த் தூவுவார். வேறிருவர் இறைச்சியைப் புரட்டுவர். இன்னொருவர் நீண்ட கைப்பிடியுள்ள துடைப்பம் போன்ற ஒன்றால் உப்பும் காடியும் கலந்த நீரைத் தடவுவார். அருகே பெருங்கொப்பரைகளில் ‘பர்கூ’ என்னும் கூட்டுக்குழம்பு கொதிக்கும்: ஆட்டிறைச்சி, கோழி, சோளம், உருளைக்கிழங்கு, முட்டைக்கோசு, தக்காளி, வெங்காயம். முற்காலத்தில் அணில்கூட அதில் விழுந்ததுண்டு.

இவ்வாறு பழகிய பங்குக் குழுக்கள், 1979இல் ஓவன்சுபரோ நகரில் தொடங்கிய பார்பிக்யூ விழாவில் ஒன்றோடொன்று போட்டியிட்டன. இன்னும் மேற்கே ஃபான்சி ஃபார்ம் என்னும் சிற்றூரின் புனித ஜெரோம் பங்கு 1880 முதல் நடத்தும் விருந்தோ அரசியலாருக்கும் தவிர்க்க முடியாததாயிற்று. ஆகஸ்டு முதல் சனிக்கிழமை வேட்பாளர்கள் அங்கு வந்து, எதிர்க்கட்சியாரின் கூச்சலுக்கு நடுவே பேசியாக வேண்டும். ஆயிரக்கணக்கானோர் ஆட்டிறைச்சியும் பன்றியிறைச்சியும் உண்ட வண்ணம் கேட்பர்.

இதுவரை இனிய செய்தி. ஆனால் அந்நெருப்பின் அருகே முதன்முதல் விழித்திருந்தவர் யார் என்று கேளாமல் இவ்விருந்தைப் புகழ்வது நேர்மையாகாது.

தென் மாநிலங்களில் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் நிலவுடைமையாளர்கள் ஜூலை 4ஆம் நாளுக்குப் பெருவிருந்து அளித்தனர். குழி வெட்டியவரும், ஹிக்கரி பிளந்தவரும், இரவெல்லாம் புரட்டியும் தடவியும் கண்விழித்தவரும் அடிமைகளாயிருந்த கறுப்பின மக்களே. விடியலில் மேடையேறி விடுதலையைப் பற்றி உரையாற்றியவர்கள் வேறு மனிதர்கள். அடிமைத்தளையிலிருந்து தப்பிய ஃபிரெடரிக் டக்ளசு 1852 ஜூலை 5இல் ரோச்செஸ்டர் நகரில் ஆற்றிய உரையில், இத்திருநாள் அடிமைக்கு என்ன பொருள் தரும் என்று வினவியது இம்முரண்பாட்டைத்தான். இதில் கத்தோலிக்கர் கை தூயதென்று எண்ண வேண்டா. மேரிலாந்திலிருந்து கென்டக்கி வந்த குடும்பங்கள் பல அடிமைகளையும் உடன் கொண்டுவந்தன. மேரிலாந்து இயேசு சபையார் 1838இல் 272 ஆண், பெண், குழந்தைகளை லூசியானாப் பண்ணைகளுக்கு விற்றனர். குருவாகிய நான் இதனை எழுதுகையில் என் எழுதுகோல் தயங்குகிறது. எனினும் எழுதாமல் விடுவதற்கில்லை.

1863 ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்த லிங்கனின் விடுதலை அறிவிப்பு, வடக்கரோடு நின்ற கென்டக்கிக்குப் பொருந்தவில்லை. 1865 ஜூன் 19இல் டெக்சாசின் கால்வெஸ்டனில் படைத்தலைவர் கிரேஞ்சர் அடிமைகள் விடுதலையடைந்தனர் என்று ஆணை படித்தபோதும் கென்டக்கியில் அடிமைமுறை நீடித்தது. அவ்வாண்டு டிசம்பரில் 13ஆம் அரசியற் சட்டத் திருத்தம் ஏற்கப்பட்ட பின்னரே ஒழிந்தது. கால்வெஸ்டன் ஆணையின் நினைவாய் ஜூன் 19ஐ டெக்சாசின் கறுப்பினக் குடும்பங்கள் வழிவழியாய்க் கொண்டாடின. 2021இல் அது நாடு தழுவிய விடுமுறையாயிற்று. அன்றைய உணவில் சிவப்பு நிறம் மேலோங்கும்: தணலில் வெந்த இறைச்சி, தர்ப்பூசணி, சிவப்புப் பானம். மேற்குக் கென்டக்கியின் கறுப்பின மக்களோ நெடுங்காலமாய் ஆகஸ்டு 8ஐ விடுதலைத் திருநாளாகக் கொண்டாடி வருகின்றனர்.

இன்னும் ஒருவரை இவண் குறிப்பிட வேண்டும். கென்டக்கியின் பார்ட்ஸ்டவுனில் 1854இல் அடிமையாய்ப் பிறந்து, கத்தோலிக்கராய்த் திருமுழுக்குப் பெற்ற டேனியல் ரட் என்பார், 1886இல் கறுப்பினக் கத்தோலிக்கருக்கென வார இதழ் தொடங்கினார். 1889இல் அவர்களுடைய முதல் தேசிய மாநாட்டையும் கூட்டினார். தம்மை விலைப்பொருளாய் நடத்திய மக்களின் திருச்சபையே தமக்கும் தாய் என்று அவர் உரிமை கோரினார். விருந்தில் பரிமாறும் இடத்தில் மட்டுமே நிறுத்தப்பட்டவர், பந்தியில் அமரும் உரிமையையும் கேட்டார் என்று கொள்ளலாம்.

இனிச் செய்முறைக்கு வருவோம். செம்மறியாட்டின் முன்னந்தொடை, எலும்போடு 3 கிலோ அளவில் போதும். முந்திய இரவே உப்பும் மிளகுத்தூளும் தடவிக் குளிரில் வைக்க. நனைக்கும் நீருக்குக் காடி, தண்ணீர், மிளகு, எலுமிச்சைச் சாறு, சிறிது பழுப்புச் சர்க்கரை, அதனோடு வுஸ்டர்ஷயர் என்னும் கரிய சாறு. இச்சாறு ஓவன்சுபரோவில் தவறாமல் சேரும். ஆங்கிலேயர் 1837 முதல் விற்றுவரும் அதில் புளியும் நெத்திலி வகை மீனும் உண்டு என்றால் நம் இல்லத்தரசியர் வியப்பர். கங்கு அனைத்தையும் அடுப்பின் ஒரு பக்கம் தள்ளி, மறுபக்கம் இறைச்சியையும், கீழே நீர் நிறைந்த தட்டையும் வைத்து மூடுக. கங்கின்மேல் உலர்ந்த ஹிக்கரித் துண்டு ஒன்றிரண்டு இட்டால் போதும். புகை மெல்லியதாய் நீலம் பாரித்து வர வேண்டும். வெண்புகை அடர்ந்து வந்தால் கறி கசக்கும். பிசின் மரங்கள் ஆகா. டெக்சாசில் பயன்படும் மெஸ்கீட் மரம் நம் ஊர்ச் சீமைக்கருவேலத்தின் இனம். விரைந்து வாட்டுவதற்கு நன்று, நெடுநேரப் புகைக்கு அதன் காரம் மிகுதி.

மணிக்கு ஒருமுறை மட்டும் திறந்து நனைத்தால் போதும். உட்சூடு 65 முதல் 75 பாகைக்குள் வந்ததும் ஏறாமல் மணிக்கணக்கில் நின்றுவிடும். இறைச்சியின் ஈரம் ஆவியாகித் தன்னைத் தானே குளிர்விப்பதால் நேர்வது அது. அப்போது பொறுமையிழந்து நெருப்பைக் கூட்டியவர்கள் கெடுத்த கறி ஏராளம். சூடு மெல்ல 90ஐத் தாண்டும்போதுதான் தசையை இணைக்கும் நார்ப்பொருள் முழுதும் கரைந்து கூழாகி, எலும்பு கையோடு வரும். இதற்கு ஏழெட்டு மணி நேரம் ஆகலாம். கோழியாயின் உட்சூடு 74 பாகையும், கொத்துக்கறியாயின் 71 பாகையும் எட்டாமல் பரிமாறலாகாது. குழந்தைகள் உள்ள வீட்டில் இதனைக் கண்டிப்பாய்க் கொள்க.

அடுக்கு வீடுகளில் குடியிருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு சொல். மேல்மாடத்தில் கரியடுப்பு வைப்பதைப் பல ஊர்களில் சட்டம் தடுக்கிறது. மழை வந்ததென்று தணலை வீட்டிற்குள்ளோ வண்டிக் கொட்டகைக்குள்ளோ இழுத்துச் செல்வது உயிருக்கே கேடு. கரியிலிருந்து எழும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை, நிறமில்லை. உறங்குவோரை எழுப்பாமலே கொன்றுவிடும். பூங்காக்களில் பொது அடுப்புகள் பல இடங்களில் உண்டு, அங்கே போகலாம்.

வெந்த இறைச்சியை அரைமணி ஆறவிட்டு, கொத்தி, எஞ்சிய நனைநீரைச் சுடவைத்துத் தெளிக்க. ஓவன்சுபரோவில் இதனைக் கம்பு ரொட்டி போன்ற கருநிற ரை ரொட்டியோடும், பச்சை வெங்காய வட்டங்களோடும், ஊறிய வெள்ளரித் துண்டுகளோடும் பரிமாறுவர். எலும்புகளை எறிந்துவிட வேண்டா. மறுநாள் பர்கூவிற்கு அவை வேண்டும்.