கூடி முக்குளிப்பவர்கள்

பிரிட்டனில் ஸ்கூபா முக்குளிப்பை வளர்த்தவை ஊர்ச் சங்கங்கள்தாம். 1953இல் ஆஸ்கர் கூகன், பீட்டர் ஸ்மால் இருவரும் லண்டனில் தொடங்கிய பிரிட்டிஷ் சப்-அக்வா கிளப்புக்கு இன்று நாடெங்கும் கிளைகள் உண்டு. கிளைகளில் கற்றுக்கொடுப்பவர்கள் தொண்டர்கள், சம்பளம் கிடையாது. படகை வண்டியில் கட்டி இழுத்து வருவது, எஞ்சினைப் பழுது பார்ப்பது, சிலிண்டரில் காற்று நிரப்புவது எல்லாம் உறுப்பினர்களின் வேலை. சொகுசு குறைவுதான். ஆனால் காசு அதிகம் இல்லாதவரும் கடலடியைப் பார்க்க முடிந்தது இந்த ஏற்பாட்டால்தான்.

வாரத்தில் ஒரு மாலை நீச்சல்குளத்தில் பயிற்சி நடக்கும். முகக்கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்தால் என்ன செய்வது என்பது தொடக்கப் பாடங்களில் ஒன்று. மேல்விளிம்பை விரலால் அழுத்தி, சற்றே அண்ணாந்து, மூக்கால் மெல்ல ஊதினால் தண்ணீர் கீழ்விளிம்பு வழியே வெளியேறிவிடும். குளிர்ந்த, கலங்கிய கடலில் பதற்றம் வராமல் காப்பது இந்தச் சிறு பழக்கம். பத்தே மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இருமடங்காகிறது. அங்கிருந்து மூச்சை அடக்கிக்கொண்டு மேலேறினால் உள்ளிருக்கும் காற்று விரிந்து நுரையீரலைக் கிழித்துவிடும். அதனால் நீருக்கடியில் மூச்சை ஒருபோதும் அடக்கக் கூடாது.

நீரோட்டம் வலுத்த இடங்களில், ஓதம் ஏறி இறங்குவதற்கு நடுவே ஓட்டம் அடங்கும் சிறுபொழுதுக்குள் முக்குளித்துத் திரும்ப வேண்டும். இறங்குவது இருவர் இருவராகத்தான். ஒருவர் மற்றவரின் மிதவைச்சட்டை, எடைக்கட்டு, கொக்கிகள், காற்று எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்த பிறகே தண்ணீரில் கால் வைப்பார்கள்.

கடல் தூரமான நடுநாட்டுக் கிளைகளுக்கு லெஸ்டர்ஷயரின் ஸ்டோனி கோவ் கைகொடுக்கிறது. அது நீர் நிறைந்த பழைய கல்குவாரி.

தென்மேற்கில் பிளிமத்தை அடுத்த விட்சாண்ட் விரிகுடாவுக்குத் தனி மவுசு. 1945 மார்ச் 21 அன்று ஜெர்மன் நீர்மூழ்கியின் டார்பிடோவால் அடிபட்ட அமெரிக்கச் சரக்குக் கப்பல் ஜேம்ஸ் ஈகன் லேன் அங்கே கிடக்கிறது. அதற்குச் சற்றுத் தள்ளி, முக்குளிப்பவர்களுக்காகவும் கடலுயிர்களுக்காகவும் 2004இல் வேண்டுமென்றே மூழ்கடிக்கப்பட்ட ஸ்கில்லா போர்க்கப்பல். மூழ்கிய சில மாதங்களிலேயே அதன் மேல் மட்டிகள் அப்பின. அவற்றைத் தின்ன நட்சத்திர மீன்கள் வந்தன. பிறகு கடல் விசிறிகளும் கடல் சாமந்திகளும் வேர்கொண்டன. வெறும் இரும்பு எப்படிக் கடலின் உடைமையாகிறது என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் இடங்கள் சிலவே. ஆனால் கப்பலின் உள்ளறைகளில் வண்டல் படிந்திருக்கிறது. உள்ளே நுழைந்து வெளியேற முடியாமல் உயிரிழந்தவர்கள் உண்டு. வெளியே சுற்றிப் பார்ப்பதே போதும்.

வடகிழக்கில் ஃபார்ன் தீவுகளுக்குச் செல்வது சாம்பல் கடல்நாய்களுக்காக. துரத்தினால் அவை கிட்டே வராது. பாறையோரப் பாசிக்காட்டில் அசையாமல் காத்திருந்தால், இளங்குட்டிகள் பின்னால் வந்து காலில் மாட்டிய துடுப்பைக் கவ்வி இழுக்கும்.

தேர்ந்தவர்கள் ஸ்காட்லாந்தின் ஆர்க்னி தீவுகளில் உள்ள ஸ்காபா ஃப்ளோவுக்கு வாரக் கணக்கில் போய்த் தங்குவார்கள். அங்கே சிறைவைக்கப்பட்டிருந்த ஜெர்மன் கப்பற்படையை 1919 ஜூன் 21 அன்று அதன் தளபதி ஃபான் ராய்ட்டரே மூழ்கடிக்க ஆணையிட்டார். 74 கப்பல்களில் 52 மூழ்கின. பெரும்பாலானவை பின்னர் இரும்புக்காக மேலே தூக்கப்பட்டன. எஞ்சிய மூன்று பெருங்கப்பல்களும் நான்கு சிறு போர்க்கப்பல்களும் முக்குளிப்பவர்களை இன்றும் இழுக்கின்றன. பெருங்கப்பல்கள் 45 மீட்டர் வரையிலான ஆழத்தில் கவிழ்ந்து கிடப்பதால், ஆழ்பயிற்சி இல்லாதவர்களைக் கிளைகள் அங்கே இறக்குவதில்லை. இந்த ஏழும் சட்டப் பாதுகாப்பு பெற்ற நினைவுச் சின்னங்கள்; அவற்றிலிருந்து ஒரு திருகாணியைக்கூட எடுத்துவர அனுமதி இல்லை.