உடற்பயிற்சிக்குப் பின் ஒரு டம்ளர் பால் போதும்

சுப்ஹுத் தொழுகை முடிந்ததும் பள்ளிவாசலிலிருந்து நேரே உடற்பயிற்சிக் கூடத்துக்குச் செல்லும் இளைஞர்கள் நம் ஊர்களில் பெருகியிருக்கிறார்கள். காயல்பட்டினம், கீழக்கரை, மேலப்பாளையம், வாணியம்பாடி என எங்கு நோக்கினும் இக்காட்சியைக் காணலாம். பலவீனமான இறைநம்பிக்கையாளரைவிட வலிமையான இறைநம்பிக்கையாளர் சிறந்தவர் என்ற கருத்தில் நபிமொழி வந்திருக்க, இந்த மாற்றத்தை நாம் வரவேற்காமல் இருக்க இயலாது. நம் வாதம் உடற்பயிற்சியைப் பற்றியதன்று. பயிற்சி முடிந்தவுடன் அந்த இளைஞர்களின் கையில் வந்து சேரும் பெரிய பிளாஸ்டிக் டின்னைப் பற்றியது.

பயிற்சி முடிந்த அரை மணி நேரத்துக்குள் ‘வே புரோட்டீன்’ பொடியைக் கலக்கிக் குடிக்காவிட்டால் உழைப்பெல்லாம் வீண் என்று பயிற்றுநர்கள் சொல்கிறார்கள். அந்த டின்னைப் பல இடங்களில் விற்பவரும் அதே பயிற்றுநர்தாம். விற்பவரே மருத்துவராகவும் அறிவுரையாளராகவும் இருக்கும் இடத்தில் வாங்குபவன் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்பதற்கு ஆய்வு எதுவும் தேவையில்லை. ஆயினும் ஆய்வுகளும் இருக்கின்றன.

முதலில் அந்த அரை மணி நேரக் கதையைப் பார்ப்போம். தசை வளர்ச்சிக்கு முதன்மையானது ஒரு நாள் முழுவதும் உண்ணும் புரதத்தின் மொத்த அளவே. பயிற்சியை ஒட்டிய நேரக் கணக்கு அதற்கு அடுத்ததுதான் என்பதைப் பல சோதனைகளை ஒன்றுசேர்த்து ஆராய்ந்த 2013ஆம் ஆண்டின் பகுப்பாய்வு காட்டியது. 2018இல் வெளியான மற்றொரு பகுப்பாய்வு, எடைப் பயிற்சி செய்பவர்க்கு உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 1.6 கிராம் அளவிலான புரதத்துக்கு மேல் உண்பதால் தசைக்குப் பெரிய பயன் கூடுவதில்லை என்று கண்டது. 60 கிலோ எடையுள்ள இளைஞனுக்கு இது 96 கிராம். முட்டையும் மீனும் கோழியும் பருப்பும் இயல்பாகப் புழங்கும் நம் வீடுகளில் இதில் பெரும்பகுதி சோற்றுத் தட்டிலேயே கிடைத்துவிடுகிறது. குறைவதை நிரப்பத்தான் ஏதேனும் தேவை.

அந்த ஏதேனும் ஒன்றாகப் பால் இருக்கலாம் என்பதே நம் வாதம். அரை லிட்டர் பசும்பாலில் ஏறத்தாழ 15 முதல் 16 கிராம் புரதம் இருக்கிறது. அதில் ஐந்தில் நான்கு பங்கு மெல்லச் செரிக்கும் கேசின். எஞ்சிய ஒரு பங்கு விரைவாகச் செரிக்கும் வே. டின்னில் அடைத்து விற்கப்படுவது இந்த ஒரு பங்கைத்தான். சீஸ் தயாரிக்கப் பாலை உறையவைத்துக் கட்டியைப் பிரித்தெடுத்தபின் எஞ்சும் நீரை வடிகட்டி, உலர்த்திப் பொடியாக்கினால் அதுவே வே. பாலின் ஒரு பகுதியை வாங்குவதற்குப் பாலைவிடப் பன்மடங்கு விலை கொடுக்கிறோம்!

புரதம் மட்டுமா? அரை லிட்டர் பாலில் 23 கிராம் அளவுக்கு இயற்கையான சர்க்கரை உண்டு. பயிற்சியில் செலவான தசையின் எரிபொருளை மீண்டும் சேர்க்க அது உதவுகிறது. வியர்வையில் இழந்த சோடியமும் பொட்டாசியமும் உண்டு. நூற்றுக்கு 87 பங்கு தண்ணீரே. இங்கிலாந்தின் லஃப்பரோ பல்கலைக்கழகத்தார் 2007இல் வெளியிட்ட ஆய்வொன்றில், வெப்பத்தில் பயிற்சி செய்து நீரிழந்தவர்களுக்குத் தண்ணீர், விளையாட்டு வீரர் பானம், கொழுப்புக் குறைந்த பால் ஆகியவற்றைக் கொடுத்துப் பார்த்தனர். சில மணி நேரம் கழித்துப் பார்க்கையில், பால் குடித்தவர் உடலில்தான் நீர் கூடுதலாகத் தங்கியிருந்தது. அதே ஆண்டில் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தார் 56 இளைஞர்களுக்கு 12 வாரம் எடைப் பயிற்சி அளித்தனர். பயிற்சி முடிந்ததும் கொழுப்பு நீக்கிய பால் அருந்தியவர்கள், சோயா பானமோ சர்க்கரைப் பானமோ அருந்தியவர்களைவிட அதிகத் தசை பெற்றனர்.

நேர்மையாகச் சில செய்திகளையும் சொல்லிவிட வேண்டும். மெக்மாஸ்டர் ஆய்வு பாலை வே பொடியுடன் ஒப்பிடவில்லை. இவ்வகை ஆய்வுகள் சிலவற்றுக்குப் பால் தொழில் அமைப்புகளே பணம் கொடுத்தன. ஆகவே பாலை அற்புத மருந்தென்று நாம் முழங்கப் போவதில்லை. டின் இல்லாவிட்டால் தசை இல்லை என்ற விளம்பரம் பொய் என்பதைக் காட்ட மேற்கண்டவை போதும்.

மார்க்கத்தின் பெயரால் வரும் மிகையையும் நாம் ஏற்கவில்லை. கால்நடைகளின் வயிற்றிலிருந்து தூய பால் வருவதை அந்நஹ்ல் அத்தியாயத்தின் 66ஆம் வசனம் ஒரு படிப்பினையாகச் சுட்டுகிறது. மிஃராஜ் இரவில் பாலும் மதுவும் நீட்டப்பட்டபோது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பாலையே தேர்ந்தார்கள். நன்றியோடு சிந்திக்க வேண்டிய செய்திகள் இவை. இவற்றை எடுத்துக்கொண்டு, ஒட்டகப் பால் பொடிக்கு ‘சுன்னா’ என்று பட்டம் சூட்டிக் கொள்ளை விலைக்கு விற்பது என்ன நியாயம்? உடற்பயிற்சிக்குப் பின் உடல் தேறுவதற்குத் தெருமுனைக் கடையின் பால் பாக்கெட்டே போதுமானது. வசனத்தை விலைச்சீட்டாக்குபவர்க்கும் டின் விற்பவர்க்கும் நாம் வேறுபாடு காணவில்லை.

இனி நம் உள்ளத்தை உண்மையில் உறுத்தும் செய்திக்கு வருவோம். பெயர் பெற்ற நிறுவனங்களின் ஒரு கிலோ டின் இரண்டாயிரத்து ஐந்நூறு, மூவாயிரம் ரூபாய் என்று விற்கிறது. அதில் முப்பது கரண்டி அளவுக்குப் பொடி இருக்கும். நாளுக்கு இரண்டு கரண்டி என்றால் ஒரு டின் பதினைந்து நாளில் தீரும். மாதம் ஐயாயிரம் ரூபாய்க்குக் குறையாது. ஆவின் நீலப் பாக்கெட் அரை லிட்டர் 20 ரூபாய் அளவில் கிடைக்கிறது. நாள்தோறும் வாங்கினால் மாதம் 600 ரூபாய். அந்த ஐயாயிரம் ரூபாய்க்கு அதே பாலை வாங்கினால் நாளொன்றுக்கு நான்கு லிட்டர் வாங்கலாம்.

நான்கு லிட்டர் பால் வாங்கும் வீடு எத்தனை? அரை லிட்டரை வாங்கித் தண்ணீர் கலந்து, வீட்டார் அனைவர்க்கும் தேநீராக்கி, விருந்தாளி வந்தால் மேலும் தண்ணீர் கலக்கும் வீடுகளை நாம் அறிவோம். அதே வீட்டின் அலமாரியில் மகனுடைய டின் நிற்கிறது. வளைகுடாவில் வெயிலில் நின்று வாப்பா அனுப்பும் பணம் அது. எலும்பு வளரும் பருவத்திலிருக்கும் தங்கைக்கு ஒரு டம்ளர் முழுப் பால் கிடைப்பதில்லை. முழங்கால் வலிக்காக மொட்டை மாடியில் நாள்தோறும் நடக்கும் உம்மாவுக்குப் பயிற்சிக்குப் பின் ஏதேனும் தேவை என்ற எண்ணமே யாருக்கும் தோன்றுவதில்லை. வயது ஏறஏறத் தசை கரைகிறது. அதைக் காக்க நடையோடு புரதமும் வேண்டும். இருபது வயது மகனைவிட ஐம்பது வயது உம்மாவுக்கே அந்த டம்ளர் அவசரம் என்றுகூட நாம் சொல்வோம். உண்ணுங்கள், பருகுங்கள், ஆனால் வீண்விரயம் செய்யாதீர்கள் என்னும் கட்டளையை நாம் திருமண விருந்துகளுக்கு மட்டும் பொருத்திப் பேசுகிறோம். அலமாரியில் நிற்கும் டின்னுக்கு அது பொருந்தாதா?

“பொடி சுத்தமானது, பாலில்தான் கலப்படம்” என்று சொல்பவர்களும் உண்டு. இந்தியச் சந்தையில் விற்கும் 36 புரதப் பொடிகளை ஆராய்ந்து 2024இல் வெளியான ஆய்வில், ஏறத்தாழ 70 விழுக்காட்டுப் பொடிகளின் சீட்டில் புரத அளவு தவறாகக் குறிக்கப்பட்டிருந்தது; சிலவற்றில் பூஞ்சை நச்சும் பூச்சிக்கொல்லியும் இருந்தன. அதே ஆண்டில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் வெளியிட்ட உணவு வழிகாட்டி, உடலைப் பெருக்குவதற்காகப் புரதப் பொடிகளை நாடுவதைத் தவிர்க்கச் சொல்கிறது. ஹலால் பற்றிய கேள்வியும் எஞ்சியிருக்கிறது. சீஸுக்காகப் பாலை உறையவைக்கும் நொதி கன்றின் இரைப்பையிலிருந்தும் எடுக்கப்படுகிறது, நுண்ணுயிரிகளிலிருந்தும் எடுக்கப்படுகிறது. முறைப்படி அறுக்கப்படாத விலங்கின் நொதியைப் பற்றி ஹனஃபி, ஷாஃபி அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. எல்லாப் பொடியும் ஹராம் என்று நாம் சொல்லவில்லை. டின்னின் முகப்புப் படத்தைப் பார்க்கும் இளைஞர்கள் பின்புறத்தில் ஹலால் சான்று இருக்கிறதா என்பதையும் பார்க்கட்டும்.

போட்டிகளில் கலந்துகொள்ளும் வீரருக்குக் குறைந்த கலோரியில் நிறையப் புரதம் தேவைப்படலாம். அவர் ஊட்டச்சத்து அறிந்தவரைக் கேட்டுப் பொடி வாங்குவதில் நமக்கு வழக்கில்லை. நம் தெருவில் அப்படி எத்தனை பேர்?

பால் ஒத்துக்கொள்ளாதவர்களும் உண்டு. பாலின் சர்க்கரையைச் செரிக்கும் திறன் நம் நாட்டில் பலருக்கு வளர்ந்தபின் குறைந்துவிடுகிறது. குடித்தால் வயிறு உப்பி இரையும். அவர்கள் தயிரை நாடலாம். முட்டை, சுண்டல், மீன் எதுவாயினும் நன்றே. சிறுநீரக நோயுள்ளவர்கள் மருத்துவரைக் கேளாமல் புரதத்தைக் கூட்ட வேண்டாம். நீரிழிவு உள்ளவர்கள் சர்க்கரை சேர்த்து பாட்டிலில் விற்கும் பாதாம் பாலையும் ரோஸ் மில்க்கையும் விட்டுவிடட்டும். காய்ச்சாத பச்சைப் பாலைக் குடிப்பதும், அதில் பச்சை முட்டையை உடைத்து ஊற்றுவதும் வீரமன்று. நோயை விலைக்கு வாங்குவது. காய்ச்சுவதால் புரதம் போய்விடுவதில்லை, தண்ணீர் கலப்பதால்தான் டம்ளரில் அது குறைகிறது.

ரமளானில் தராவீஹுக்குப் பின் பயிற்சி செய்பவர்களுக்கு இது இன்னும் பொருந்தும். பகல் முழுவதும் நீரின்றி இருந்த உடலில் நீரைத் தங்கவைக்க, பயிற்சி முடிந்ததும் இரண்டு டம்ளர் பாலும் இரண்டு பேரீச்சம்பழமும் போதும். சஹரில் மீண்டும் ஒரு டம்ளர்.

உடற்பயிற்சிக் கூடங்களுக்கு ஜமாஅத் கட்டடங்களை வாடகைக்கு விடும் நிர்வாகிகளிடம் நாம் ஒன்று கேட்கிறோம். ஒப்பந்தத்தில் இரண்டு வரிகளைச் சேருங்கள். ஊசியும் மாத்திரையும் அங்கே விற்கப்படக் கூடாது. பொடி விற்பதாயின் ஆய்வகச் சான்றும் ஹலால் சான்றும் அலமாரியிலேயே தொங்க வேண்டும்.