உபயம்னு போடுங்க, பேரை மாத்தாதீங்க!

மக்களே, போன வாரம் மார்க்கெட்டிங் வகுப்பில் பெல் அடித்ததால் பாதியில் நின்ற சண்டையை இங்கே முடித்துக் கொள்கிறேன். தீம் பார்க் ரோலர் கோஸ்டருக்கு ஏதோ ஒரு கம்பெனி காசு கொடுத்துத் தன் பேரை வைத்துக் கொள்ளலாமா? பாடத்தில் 'நேமிங் ரைட்ஸ்' என்று வருகிறதே, அதுதான் மேட்டர். வகுப்பே "வைக்கட்டும், என்ன தப்பு?" என்றது. நான் ஒருத்தன் மட்டும் கூடாது என்றேன்.

முதலில் நம்ம ஊர் நோம்பிக்கு வாங்க. கோயில் டியூப் லைட்டில் வெளிச்சமே வராத அளவுக்கு 'உபயம்: இன்னார்' என்று எழுதியிருப்பார்கள். சிரிப்போம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். லைட் கொடுத்தவர் பேர் லைட்டில்தான் இருக்கும். அதற்காக மாரியம்மனுக்கு யாரும் பேர் மாற்றுவதில்லை. ராட்டாந்தூரியில் ஜவுளிக்கடை பேனர் கட்டியிருந்தாலும் தூரி தூரிதான். என் கட்சி இவ்வளவுதான்: உபயம் போடு, பேரைத் தொடாதே.

அமெரிக்காவிலும் உபயம் உண்டு. ஃப்ளோரிடா டிஸ்னியில் 1999-ல் திறந்த 'ராக் அண்ட் ரோலர் கோஸ்டர்' என்ற ரைடுக்கு 2016-ல் ஹேன்ஸ் ஸ்பான்சர் ஆனது. ஹேன்ஸ் யார்? பனியன், ஜட்டி, டி-சர்ட் கம்பெனி. நம்ம தொழில்தான் :) ரைடின் பேருக்கு வால் மாதிரி, 'வழங்குவது ஹேன்ஸ்' என்று பின்னால் ஒட்டிக் கொண்டார்கள். இதில் எனக்குச் சண்டை இல்லை.

இங்கிலாந்து பிளாக்பூல் கதை வேறு. 1994-ல் அங்கே திறந்தபோது உலகத்திலேயே உயரமான ரோலர் கோஸ்டர் அது. வைத்த பேர் 'பெப்ஸி மேக்ஸ் பிக் ஒன்'. குளிர்பானம் முன்னால், தூரி பின்னால்! 2011 வரை அந்தப் பேர்தான். ஏறி, உயிர் போகிற மாதிரி கத்தி, இறங்கி வந்து நண்பனிடம் கதை சொல்கிறவன் பெப்ஸி பேரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். டிக்கெட்டும் அவன் காசு, விளம்பரமும் அவன் வாய். கூலி? பூஜ்யம்.

"ஸ்பான்சர் வந்தா டிக்கெட் குறையும்ல?" என்று கேட்டான் நண்பன். நண்பா, நாம் காமர்ஸ் மாணவர்கள். டிக்கெட் விலை செலவை மட்டும் பார்த்து வைப்பதில்லை, கூட்டம் எவ்வளவு கொடுக்கும் என்று பார்த்து வைப்பது. கூட்டம் குறையாத வரை ஸ்பான்சர் காசு லாபத்தில்தான் போய்ச் சேரும்.

இன்னொன்று, ஏ.எஸ். 26 படித்தோமே. தானே வளர்த்த பிராண்டை பேலன்ஸ் ஷீட்டில் சொத்தாகக் காட்டக் கூடாது. அதாவது கணக்கில் அந்தப் பேரின் மதிப்பு பூஜ்யம். பூஜ்யத்துக்கு என்ன விலை வந்தாலும் லாபம் என்று நிர்வாகத்துக்குத் தோன்றும். ஆனால் அந்தப் பேரை வளர்த்தது யார்? வெயிலில் வரிசையில் நின்ற ஜனம்.

வாங்கிய கம்பெனி கவிழ்ந்தால்? ஆடிட்டிங்கில் படிக்கிற அதே என்ரான், 2000-ல் ஹூஸ்டன் பேஸ்பால் மைதானத்துக்குப் பேர் கொடுத்தது. 2001 டிசம்பரில் திவால். 2002-ல் அந்த டீம் 21 லட்சம் டாலர் கொடுத்துப் பேரைத் திரும்ப வாங்கியது. விற்ற பொருளை மீட்கவும் காசு!

சொந்தக்காரர் தன் பேரை வைத்தால் கேள்வி இல்லை. வீ-கார்ட் நிறுவனர் 2000-ல் கொச்சியில் தொடங்கிய பார்க்குக்கு வீகாலேண்ட் என்று பேர் வைத்தார். போட்ட காசு அவருடையது. அதுதான் பின்னால் வொண்டர்லா ஆனது. 2025 டிசம்பரில் சென்னைப் பக்கம் அவர்கள் திறந்த பார்க்கில் பெரிய ரோலர் கோஸ்டருக்குப் பேர் 'தஞ்சோரா'. காதில் விழுந்ததும் தஞ்சாவூர் ஞாபகம் வருகிறது. நாளைக்கு அதற்கு முன்னால் ஒரு சிமெண்ட் பேர் வந்து உட்கார்ந்தால் உங்களுக்குப் பிடிக்குமா?

"பேர்ல என்ன இருக்கு?" என்று எவன் வேண்டுமானாலும் கேட்கட்டும், நம்ம திருப்பூர்க்காரன் கேட்கக் கூடாது. எங்க அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங். தினமும் நூற்றுக்கணக்கான கழுத்து லேபிளைத் தொட்டுப் பார்க்கிறார். அந்தக் கடைகள் எந்த ஊரில் இருக்கின்றன என்றுகூட அவருக்குத் தெரியாது. அதே துணி, அதே தையல். லேபிள் ஏறியதும் விலை எங்கேயோ போய்விடுகிறது. அந்த வித்தியாசம் முழுக்கப் பேருக்குத்தான். தைத்த ஊருக்கு மிஞ்சுவது கூலி.

பேருக்கு என்ன விலை என்று தெரியாமல் ஏமாந்தால் பரவாயில்லை. தினமும் லேபிளைத் தைத்துக் கொண்டே ஏமாறலாமா?

பி.கு: அடுத்த வகுப்பில் சண்டை தொடரும். டீ செலவு தோற்றவன் உபயம்.