பிறப்பால் உபாத்தியாயர்

ஆங்கிலத்தை ஆங்கிலேயனிடமோ, அவன் இனத்தார் குடியேறிய தேசங்களில் பிறந்தவனிடமோ கற்றால்தான் அது சுத்தமாக வரும் என்றும், மற்றவர்களிடம் கற்பது வேறு வழியில்லாதவர்கள் செய்துகொள்ளும் சமாதானம் என்றும் ஓர் அபிப்பிராயம் ஆசியாக் கண்டமெங்கும் ஆழ வேர்விட்டு நிற்கிறது. படித்தவர், படியாதவர், பணமுள்ளவர், இல்லாதவர் என்ற பேதம் இதில் இல்லை. நம் ஊர்ப் பெண் ஒருத்தி எம்.ஏ., பி.எட். முடித்துவிட்டு மாலத்தீவுக்கோ பூட்டானுக்கோ ஆங்கில ஆசிரியையாகப் புறப்படுகிறாள் என்று வையுங்கள். வழியனுப்ப வந்த உறவினர், வாயில் போட்ட வெற்றிலையை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டு, “அவர்களுக்கு வெள்ளைக்காரன் கிடைக்கவில்லை போலிருக்கிறது, அதுதான் உன்னைக் கூப்பிடுகிறார்கள்” என்று சிரிப்பார். அவள் அதை மறுப்பதில்லை. அவளும் சேர்ந்து சிரிக்கிறாள் என்பதுதான் என் மனத்தாங்கல்.

இது ஏதோ திண்ணைப் பேச்சு என்று தள்ளிவிட இயலாது. உகாண்டாவின் மக்கரேரேயில் 1961-ஆம் ஆண்டு காமன்வெல்த் நாடுகளின் ஆங்கிலப் போதனை மாநாடு ஒன்று கூடியது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாக உடையவனே அம்மொழிக்கு உத்தம ஆசிரியன் என்ற கருத்து, அங்கே சாஸ்திர அந்தஸ்துப் பெற்ற கொள்கைகளுள் ஒன்று. ராபர்ட் பிலிப்சன் என்னும் பிரிட்டிஷ்காரரே 1992-இல் வெளியிட்ட தம் நூலில் அக்கொள்கைகளை வரிசையாக எடுத்துவைத்து, இவை வெறும் மயக்கங்கள் என்று கண்டித்தார். யாழ்ப்பாணத்தவரான சுரேஷ் கனகராஜா 1999-இல் அக்கண்டனத்தை இன்னும் கூர்மையாக்கினார். பண்டிதர்கள் கைவிட்ட பிறகும் கொள்கை மட்டும் சாகவில்லை. மாநாட்டு மேடையிலிருந்து இறங்கி, விசா அலுவலகத்திலும் பள்ளிக்கூட விளம்பரத்திலும் குடிபுகுந்துவிட்டது.

இதன் உட்பொருளைச் சற்றே கூர்ந்து நோக்கினால், நமக்கு மிகவும் பரிச்சயமான பழைய சரக்கு ஒன்று புதிய உறையில் வந்திருப்பது புலப்படும். வித்தை பயிற்சியால் வருவது அன்று, பிறப்பால் வருவது. இன்ன குலத்தில் பிறந்தவனுக்கு அது இயல்பாகக் கைவரும், பிறர் எத்தனை சிரத்தையோடு உழைத்தாலும் அவர் பெறுவது நிழலே என்ற வாதத்தை நாம் எங்கே கேட்டிருக்கிறோம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அதை எதிர்த்து மேடைதோறும் முழங்குகிறவர்களே, தம் பிள்ளையின் ஆங்கிலத்துக்கு மட்டும் பிறவி ஆசான் ஒருவனைத் தேடி அலைவது விந்தை.

மக்கரேரே மாநாடு கூடிய அதே 1961-இல்தான் பூட்டான் தன் முதல் ஐந்தாண்டுத் திட்டத்தைத் தொடங்கியது. அதற்கு முன் அங்கே நவீனப் பள்ளிகள் சிலவே. அவற்றிலும் இந்தியாவிலிருந்து வந்த பாடநூல்களைக்கொண்டு ஹிந்தியில்தான் பாடம் நடந்தது. மூன்றாம் அரசர் ஜிக்மே டோர்ஜி வாங்சுக்கின் ஆட்சியில், அறுபதுகளின் முற்பகுதியில், போதனாமொழி ஆங்கிலமாக மாறியது. மலைப்பாதைகளில் ஏறிச்சென்று அந்த மாற்றத்தை வகுப்பறையில் நடத்திக் காட்டியவர்களில் மிகப் பலர் கேரளம், டார்ஜிலிங் முதலிய இடங்களிலிருந்து சென்ற இந்திய ஆசிரியர்கள். இன்று பூட்டானில் ஜோங்கா மொழிப்பாடம் நீங்கலாக ஏனைய பாடங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே நடக்கின்றன. திம்புவின் அலுவலகங்களில் சரளமாக ஆங்கிலம் பேசுகிற ஒரு தலைமுறையின் நாவில், கோட்டயத்தாரும் காலிம்பொங்காரும் ஊன்றிய விதை முளைத்திருக்கிறது. அந்த ஆங்கிலம் மூளியாகிவிட்டது என்று யாரும் இதுவரை புகார் செய்ததாகத் தெரியவில்லை.

இவ்விடத்தில் எதிர்வாதி பாதிரியார் வில்லியம் மக்கியின் பெயரை எடுக்கக்கூடும். கனடாவின் மான்ட்ரியலில் பிறந்த இந்த ஏசு சபைத் துறவி 1963-இல் பூட்டானுக்குச் சென்று, கிழக்குப் பகுதியில் பள்ளிகளை எழுப்பி, காங்லுங்கின் ஷெருப்ட்ஸே கல்லூரி வளர்வதற்குக் காரணராயிருந்தார்; அவரைப் பூட்டானியர் இன்றும் பக்தியோடு நினைக்கின்றனர். ஆங்கிலத்தில் பிறந்தவரே அவர், ஐயமில்லை. ஆனால் பூட்டானுக்குப் போகுமுன் அவர் டார்ஜிலிங்கில் நெடுங்காலம் ஆசிரியப்பணி செய்து மலைநாட்டுப் பிள்ளைகளின் மனப்போக்கை அறிந்தவர். பிறகு 1995-இல் மரிக்கும்வரை பூட்டானையே தம் ஊராகக் கொண்டவர். பெருமை அந்த ஆண்டுகளுக்கு உரியது. ஓராண்டு ஒப்பந்தத்தில், ஊர் சுற்றும் ஆசையோடு, கற்பித்தலில் சில வாரப் பயிற்சிச் சான்றிதழை மட்டும் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு விமானமிறங்கும் இருபத்திரண்டு வயது இளைஞனுக்கு மக்கியின் புகழில் பங்கு கேட்பது நியாயமாகுமா?

இனி வகுப்பறைக்குள் நுழைவோம். விஷயத்தின் உயிர்நிலை அங்கேதான் இருக்கிறது. தமிழில் வினைமுற்று வாக்கியத்தின் கடைசியில் வந்து நிற்கிறது. பூட்டானின் ஜோங்காவிலும் அப்படியே. மாலத்தீவின் திவேஹியிலும் அப்படியே. கொரிய மொழியிலும் அப்படியே. ஆங்கிலமோ எழுவாய் வாய்திறந்தவுடனே வினையை முன்னே தள்ளிவிடுகிறது. ‘ஐ மார்க்கெட் வென்ட்’ என்று ஒரு மாணவன் எழுதினால், இங்கிலாந்தில் பிறந்தவனுக்கு அது பிழை என்று ஒரு கணத்தில் தெரியும். ஏன் அந்தப் பிழை, எந்த வழியாக அந்தப் பிள்ளையின் மனம் அங்கே போய்ச் சேர்ந்தது என்பது தெரியாது. ‘நாங்கள் அப்படிச் சொல்வதில்லை’ என்பான். அதற்கு மேல் விளக்கம் கேட்டால் அவனே திகைப்பான், ஏனெனில் தாயின் மடியில் கேட்டு வந்ததற்கு அவன் என்றும் காரணம் தேடியதில்லை. திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமத்தில் அதே பிழையை எழுதி, சிவப்பு மையில் அடிபட்டு, வினையை இழுத்து முன்னே வைக்கப் பழகியவளுக்கு அந்தக் கல் பாதையில் எங்கே கிடக்கிறது என்று தெரியும். அவளுடைய கால்விரலும் அதில் இடறி ரத்தம் கண்டதுதான்.

‘ஏ’, ‘தி’ என்னும் இரண்டு குட்டிச் சொற்களை எடுத்துக்கொள்ளுங்கள். நம்மவர் எத்தனை பேர் கல்லூரி கடந்த பின்னும் அவற்றோடு மல்லுக்கட்டுகிறார்கள்! எப்போது இடுவது, எப்போது விடுவது என்பதை விதி விதியாகக் கற்று, விதிவிலக்கையும் கற்று, கடைசியில் விதியை மறந்துவிடும் அளவுக்குப் பழக்கப்படுத்திக்கொண்ட ஒருவர்தான் அதைப் படிப்படியாகப் பிறருக்கு இறக்கிவைக்க முடியும். நீந்தத் தெரியாமல் பிறந்து நீச்சல் கற்ற மனிதனிடமே நாம் நீச்சல் கற்கிறோம். மீனிடம் போய் யாரும் கற்பதில்லை.

மாலத்தீவுப் பிள்ளையின் நோட்டுப் புத்தகத்தைப் பார்த்தால் இன்னொரு விசேஷம் தெரியும். திவேஹியின் தானா எழுத்து வலமிருந்து இடமாக ஓடுவது. ஆங்கிலம் இடமிருந்து வலம். ஏறக்குறைய 1,200 தீவுகளில் மக்கள் வாழ்கின்ற இருநூறுக்கும் குறைவானவற்றில் சிதறிக்கிடக்கும் பள்ளிகளில், இரு திசைகளிலும் எழுதப் பழகும் இந்தப் பிள்ளைகளை, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தார் நடத்தும் பரீட்சைக்குத் தயார் செய்வோரில் பெருந்தொகையினர் கேரளத்திலிருந்தும் தமிழகத்திலிருந்தும் இலங்கையிலிருந்தும் சென்றவர்களே. படகு வந்தால்தான் காய்கறி. ரூஃபியாவில் வாங்கும் சம்பளத்தை டாலராக்கி வீட்டுக்கு அனுப்புவதற்கு வரம்பு. தம் மதம் இஸ்லாம் அல்லாதவராயின் வழிபாடு அறைக்குள்ளேயே. இவ்வளவையும் பொறுத்துக்கொண்டு வேலை செய்கிறவர்களை ‘கிடைத்ததை வைத்துச் சமாளிக்கிறார்கள்’ என்று ஏளனம் செய்வது கல்நெஞ்சம்.

நம்மவர் எல்லோரும் பிரஹஸ்பதிகள் என்று நான் வாதிக்க வரவில்லை. ‘பக்கத்து நாடுதானே, பட்டம் ஒன்று இருந்தால் போதும்’ என்று தரகரிடம் பணம் கட்டிவிட்டு, வகுப்பில் நின்று ஒரு பத்தி பிழையின்றி எழுத வராமல் விழிப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களும் இன்னொரு வகையில் உழைக்காமல் உபாத்தியாயராக நினைப்பவர்களே. உச்சரிப்பு விஷயத்தில் நமக்குக் குறை உண்டு என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ‘சுத்தமான உச்சரிப்பு’ என்று கேட்பவரிடம், கிளாஸ்கோவின் உச்சரிப்பா, டெக்ஸாஸின் உச்சரிப்பா, ஆக்லாந்தின் உச்சரிப்பா என்று நான் திருப்பிக் கேட்டால் அவர் என்ன சொல்வார்? திம்புப் பிள்ளை வளர்ந்து ஆங்கிலத்தில் பேசப்போவது கொல்கத்தா வியாபாரியோடும், பாங்காக் விமான அலுவலரோடும், சிங்கப்பூர்ச் சுற்றுலாக்காரரோடும். அவர்களில் ஒருவரும் லண்டனில் பிறந்தவர் அல்லர்.

இந்த மூடநம்பிக்கை முற்றிப்போய்ச் சட்டமாகவே ஆன இடத்தைக் காண வேண்டுமானால் தென்கொரியாவைப் பார்க்கலாம். அங்கே மொழி ஆசிரியருக்குரிய இ-2 விசாவில் ஆங்கிலத்துக்கு ஏழு தேசங்களின் குடிமக்களே உரியவர்: அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா. தென்னாப்பிரிக்காவில் வீட்டில் ஆங்கிலம் பேசுவோர் பத்தில் ஒருவருக்கும் குறைவு என்பது வேறு கதை. இந்தியாவுக்கு, 2010-இல் நடைமுறைக்கு வந்த வர்த்தக ஒப்பந்தத்தின் வழியாக, உதவி ஆசிரியர் என்ற பெயரில் ஒரு பக்கக் கதவு திறந்தது. பிலிப்பைன்ஸ் ஆசிரியைக்கு அதுவும் இல்லை. ஆனால் ஆண்டுதோறும் கொரிய இளைஞர்கள் அவள் நாட்டின் பகியோவுக்கும் செபுவுக்கும் கூட்டம் கூட்டமாகச் சென்று, அவளிடமே பணம் கொடுத்து ஆங்கிலம் கற்றுக்கொண்டு ஊர் திரும்புகிறார்கள். கடலுக்கு அந்தப் பக்கம் குருவாக இருப்பவள், இந்தப் பக்கம் கால்வைத்தால் தகுதியற்றவளாகிவிடுகிறாள். நடுவில் மாறியது அவளுடைய ஆங்கிலம் அன்று.

இத்தனைக்கும், மனப்பாட இலக்கணத்தை ஒதுக்கி, பிள்ளைகளுக்கு ஒரு காரியத்தைக் கொடுத்து அதைச் செய்துமுடிக்கும் முயற்சியிலேயே மொழியைப் பிடிபடச் செய்யும் முறை இன்று உலகெங்கும் ஆங்கில ஆசிரியர் பயிற்சியில் இடம்பெற்றிருக்கிறது. அதன் முன்னோடிச் சோதனை, 1979 முதல் 1984 வரை, பெங்களூர்த் திட்டம் என்ற பெயரோடு தென்னிந்தியாவின் சாதாரணப் பள்ளிக்கூடங்களில் நம் ஆசிரியர்களைக்கொண்டே நடந்தது, நடத்தியவர் என்.எஸ்.பிரபு. சியோலில் அம்முறைப்படி பாடம் சொல்லும் நெப்ராஸ்கா இளைஞனுக்கு அப்பெயர் தெரிந்திருக்க நியாயமில்லை. பிரபுவே அங்கே ஒரு வகுப்பாசிரியர் வேலைக்கு விண்ணப்பம் போட்டிருந்தாலும், எழுத்தர் முதலில் பார்த்திருப்பது கடவுச்சீட்டின் அட்டையைத்தான்.