தொண்ணூறு நாள் நம்பிக்கை

குடிநோயாளியை ஊருக்கு வெளியே ஒரு மறுவாழ்வு மையத்தில் மூன்று மாதம் சேர்த்துவிட்டால் குடி தானாக விட்டுப்போகும் என்பது தமிழ்நாட்டுக் குடும்பங்கள் பலவற்றில் கேள்விக்கு உட்படாத நம்பிக்கையாக வேரூன்றியிருக்கிறது. தாம்பரத்துக்குத் தெற்கே ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டி வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி என நீளும் புறநகர் இந்த நம்பிக்கைக்கு வாகான நிலம்: நகரத்துக் கூட்டாளிகளிடமிருந்து விலகிய தொலைவு, வீட்டார் மின்சார ரயிலில் வந்து பார்த்துப் போகக்கூடிய அண்மை. தங்கிப் பெறும் சிகிச்சை பயனற்றது என்பதல்ல இக்கட்டுரையின் வாதம். சிகிச்சையின் தொடக்கத்தையே அதன் முடிவாகக் கொள்வதுதான் பிழை.

நாள் கூடக் கூடக் குணமும் கூடும் என்பது முதல் வாதம். நெடுங்காலம் குடித்தவர் திடீரென நிறுத்தும்போது உடல் காட்டும் எதிர்வினைகளை விலகல் குறிகள் என்பர்; கடைசிக் குடிக்குப் பின் சில மணி நேரத்தில் கை நடுக்கமும் வியர்வையுமாகத் தொடங்கும் இவை, இரண்டு நாளுக்குள் வலிப்பாகவும், சிலருக்கு இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையே மனக்குழப்பமும் மாயத்தோற்றமும் சேர்ந்த, உயிரைப் பறிக்கக்கூடிய நிலையாகவும் முற்றலாம். இக்கட்டத்துக்கு மருத்துவரும் செவிலியரும் நடுக்கத்தை அடக்கும் மருந்தும் தயமின் என்னும் வைட்டமின் பி1 ஊசியும் வேண்டும். இவை எதுவுமில்லாத கூடத்தில் ‘தானாகத் தெளியட்டும்’ என்று ஒருவரைப் படுக்கவைப்பது அவர் உயிரைப் பணயம் வைப்பதாகும். பெரும்பாலோருக்கு இந்த விலகல் குறிகள் ஒரு வாரத்தில் அடங்கிவிடுகின்றன. எஞ்சிய எண்பது சொச்ச நாளில் என்ன செய்யப்படுகிறது என்பதே கேள்வி, அதற்கு நாள் கணக்கு விடையாகாது. கிரிஃபித் எட்வர்ட்ஸ் தலைமையிலான லண்டன் ஆய்வுக்குழு 1977இல் வெளியிட்ட முடிவு இங்கே நினைவுகூரத்தக்கது: மணமான 100 குடிநோயாளிகளுள் ஒரு சாராருக்கு வழக்கமான முழுச் சிகிச்சையும், மறு சாராருக்கு மனைவியையும் உடன் அமர்த்தி ஒரே அமர்வில் அறிவுரையும் தரப்பட, ஓராண்டுக்குப் பின் இரு சாராருக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. இதைக் கொண்டு சிகிச்சையே வேண்டாம் என்பது மிகை. ஆனால் அளவு கூடினால் பயனும் கூடும் என்ற எளிய கணக்கை இந்த ஒரே ஆய்வே ஆட்டம் காணச் செய்கிறது.

சூழலைவிட்டு அகற்றினால் போதும் என்பது இரண்டாவது வாதம். இதற்கு ஆதரவாகக் காட்டத்தக்க வலுவான சான்று வியட்நாம் போரிலிருந்து 1971இல் நாடு திரும்பிய அமெரிக்கப் படைவீரர்களைப் பற்றிய லீ ராபின்ஸின் ஆய்வு. அங்கே ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் ஹெராயினுக்கு அடிமைப்பட்டிருந்தும், அவ்வாறு அடிமைப்பட்டோருள் திரும்பிய முதல் ஆண்டில் மீண்டும் அந்நிலைக்கு ஆளானவர்கள் சுமார் 5 விழுக்காட்டினரே. இந்தச் சான்று உண்மையில் எதிர்த்திசையில் பேசுகிறது. அவ்வீரர்கள் போதைப் பழக்கத்தைப் போர்க்களத்தில் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தார்கள். ஊரப்பாக்கத்தில் தங்கித் தெளிந்தவரோ அதே தெரு, அதே கடன், அதே டாஸ்மாக் கடை இருக்கும் வீட்டுக்குத்தான் திரும்புகிறார். மாறவேண்டிய சூழல் மையத்துக்குள் இல்லை. 1980இல் சாந்தி ரங்கநாதன் சென்னையில் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளை இதை முன்னரே உணர்ந்திருந்தது. குடிநோய்க்குக் கணவரைப் பறிகொடுத்தவர் நிறுவிய அந்த அமைப்பு, குடும்பத்தினருக்கான ஆலோசனையையும் சிகிச்சையின் பகுதியாக்கியது. மஞ்சக்குடி போன்ற ஊர்களில் முகாமிட்டு, நோயாளியை ஊரைவிட்டு அகற்றாமல் ஊரையே சிகிச்சைக்குத் துணையாக்கியது.

‘அவனாக வரமாட்டான், தூக்கிக்கொண்டுதான் போகவேண்டும்’ என்பது மூன்றாவது. சலித்துப்போன வீட்டாரின் இந்த வாதத்தை எளிதில் பழிக்க இயலாது. எனினும் 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மதுவாலும் போதைப்பொருளாலும் விளையும் மனநிலைகளையும் தன் வரம்புக்குள் கொண்டுவந்து, இயன்றவரை நோயாளியின் சொந்த ஒப்புதலோடேயே சேர்க்கை நிகழவேண்டும் என்கிறது. அது இயலாத நிலையில், ஒரு மனநல மருத்துவர் உட்பட இருவர் தனித்தனியே பரிசோதித்த பின் 30 நாள் வரை சேர்க்க இடமுண்டு. அதற்கு மேல் நீட்டிக்க மனநல மறு ஆய்வு வாரியத்தின் ஒப்புதல் வேண்டும். குடும்பத்தார் ஒரு தாளில் கையெழுத்திட்டதாலேயே தொண்ணூறு நாள் அடைத்துவைக்கும் உரிமை எவருக்கும் வந்துவிடுவதில்லை. எந்த வடிவிலும் சங்கிலியிடுவதை அச்சட்டம் தடைசெய்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடி மனநலக் காப்பகத்தில், கட்டப்பட்ட நிலையில் தீயில் கருகி 28 பேர் இறந்த நாட்டில் இந்த விதி வெறும் சம்பிரதாயமன்று. வற்புறுத்தலின் இன்னொரு வடிவம் சமையலறையில் நடப்பது: 1948இல் டென்மார்க்கில் குடிநோய்க்கெனப் பயன்படத் தொடங்கிய டைசல்ஃபிராம் மாத்திரையைச் சாம்பாரில் கலந்து கொடுப்பது. மதுவோடு சேர்ந்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, இரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகக்கூடிய அம்மருந்து, உண்பவர் அறிந்து உண்டால் மட்டுமே மருந்து.

திரும்பி வந்தவர் மறுபடி குடித்தால் சிகிச்சை தோற்றது என்பது நான்காவது. மெக்லெல்லனும் உடனாய்வாளரும் 2000இல் எழுதிய கட்டுரை, போதைநோயில் ஓராண்டுக்குள் 40 முதல் 60 விழுக்காட்டினர் சறுக்குவதையும், இரத்த அழுத்தம், ஆஸ்துமா போன்ற நாள்பட்ட நோய்களில் மருந்தைக் கைவிட்டோர் மீண்டும் நோய்வாய்ப்படுவதையும் ஒப்பிட்டு, இரண்டும் ஒரே தன்மையவை எனக் காட்டியது. அழுத்தம் மீண்டும் ஏறியவரை எவரும் ஒழுக்கம் கெட்டவர் என்பதில்லை. ஹெராயின் போன்ற அபினி வகைப் பொருள்களில் இந்தத் தவறான புரிதல் உயிரையே வாங்கும்: பல வாரம் நிறுத்தியதால் உடலின் தாங்குதிறன் குறைந்துவிட, பழைய அளவையே மீண்டும் எடுப்பவர் மூச்சடங்கி இறக்க நேரிடுகிறது. எனவே அத்தகையோருக்கு மையத்தைவிட்டு வெளியேறும் வாரம்தான் கண்காணிப்பு மிக வேண்டிய வாரம்.

அப்படியானால் மையமே வேண்டாமா என்று கேட்கலாம். முன்பு வலிப்பு வந்தவர், கல்லீரல் கெட்டவர், தற்கொலை எண்ணம் உடையவர், திரும்ப வீடே இல்லாதவர் ஆகியோருக்குத் தங்கிப் பெறும் சிகிச்சை இன்றியமையாதது. மற்றவருள் பலருக்குப் புறநோயாளர் பிரிவும், ஆசை தணிக்கும் நால்ட்ரெக்சோன் போன்ற மருந்தும், ஏ.ஏ. எனப்படும் குடிநோயாளர் தோழமைக் கூட்டமும் போதுமானவை. 2019இல் வெளியான தேசிய ஆய்வின்படி, மதுவுக்கு அடிமைப்பட்டோருள் 38 பேரில் ஒருவரே ஏதேனுமொரு சிகிச்சை பெற்றதாகத் தெரிவிக்கிறார், 180 பேரில் ஒருவரே உள்நோயாளியாகத் தங்கிப் பெறுகிறார். அவ்வளவு அரிதான அந்தப் படுக்கை யாருக்கு என்பதைத் தனியார் மையங்களில் பெரும்பாலும் தீர்மானிப்பது நோயின் கடுமையன்று, மாதக் கட்டணம்.